கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பா? கோட்டாறு சந்தையில் என்ன வாங்கலாம்?

கோட்டாறு, நாஞ்சில் நாட்டின் பழைய வியாபார ஊர். இன்று அது நாகர்கோவில் மாநகராட்சியின் ஒரு பகுதி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தாலமி தம் புத்தகத்தில் "கோட்டியாரா" என்று ஓர் ஊரைக் குறிப்பிட்டார். அது இந்தக் கோட்டாறுதான் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்லுகிறார்கள்.

கோட்டாற்றுச் சந்தையைக் "கம்போளம்" என்பார்கள். அரிசி, பயறு, எள், தேங்காய், கருப்பட்டி என்று வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்க மக்கள் அங்கே வருவார்கள்.

வீட்டில் ஒரு பெண் வாயும் வயிறுமாக இருக்கிறாள். அவளுக்காகச் சந்தைக்குப் போகிறவர் கூடையில் எதை வாங்கிப் போட வேண்டும்?

இது நாக்கு ருசிக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. தாயின் உயிரும் பிள்ளையின் உயிரும் இதில் இருக்கின்றன.

கர்ப்ப காலத்தில் வரும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. எந்த அளவுக்குத் தொடர்பு? எந்தச் சத்து உதவும்? எது உதவாது? இதைப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகள் சொன்ன செய்தியை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டும்.

சத்தம் போடாத நோய்

ரத்தம், ரத்தக் குழாயின் சுவரை ஒரு வேகத்தோடு தள்ளிக்கொண்டு ஓடுகிறது. அந்த வேகத்தை இரண்டு எண்களால் எழுதுகிறார்கள். 110/70, 120/80 என்பவை சாதாரண அளவுகள். கர்ப்பிணிக்கு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக் கொதிப்பு. இரண்டு எண்களில் ஒன்று மட்டும் எல்லையைத் தொட்டாலும் கவனிக்க வேண்டும்.

சில பெண்களுக்குக் கர்ப்பம் ஆவதற்கு முன்பே கொதிப்பு இருக்கும். சிலருக்கு 20 வாரத்துக்குப் பிறகு, அதாவது ஐந்தாம் மாதம் தாண்டிய பின் புதிதாக வரும்.

அப்படி வரும் கொதிப்போடு சிறுநீரில் புரதமும் கலந்து வெளியேறலாம். ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவையும் பாதிக்கப்படலாம். இந்த நோய்க்குப் "பிரீ-எக்லாம்ப்சியா" என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

உலகத்தில் 100 கர்ப்பிணிகளில் 3 முதல் 8 பேருக்கு இந்த நோய் வருகிறது. ஆண்டுதோறும் 40,000-க்கு மேற்பட்ட தாய்மார்கள் இதனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இந்த நோய் எங்கே தொடங்குகிறது? நஞ்சுக்கொடியில் தொடங்குகிறது. பிள்ளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் ஆரம்ப மாதங்களில் நன்றாக அகலம் ஆக வேண்டும். சில பெண்களுக்கு அவை போதிய அளவு அகலம் ஆவதில்லை. அப்போது நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. தாயின் ரத்தக் குழாய்கள் எங்கும் கெட்டுப் போகின்றன. கொதிப்பு ஏறுகிறது.

ஆரம்பத்தில் வலி இல்லை. காய்ச்சல் இல்லை. பெண் வழக்கம் போல் வேலை செய்வாள், சிரிப்பாள், சாப்பிடுவாள். அதனால்தான் இது ஆபத்தான நோய்.

பேய் அல்ல, ஜன்னி

நோய் முற்றினால் வலிப்பு வரும். இதைத்தான் நம் பாட்டிமார் "பிரசவ ஜன்னி" என்றார்கள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போனவர்களும் உண்டு. அந்த நேரம் உயிருக்கு எமனாக முடிந்தது.

இன்று இதற்கு மருந்து இருக்கிறது. "மக்னீசியம் சல்பேட்" என்ற ஊசி மருந்து அது. விலை குறைந்தது. இந்த மருந்தைப் பற்றி 33 நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் சோதனை நடந்தது. முடிவு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. வலிப்பு வரும் ஆபத்தை இந்த ஊசி பாதிக்கு மேல் குறைக்கிறது என்று தெரிந்தது.

ஆனால் ஊசி போட வேண்டும் என்றால், பெண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கொதிப்பு இருப்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்பு சொன்ன சேதி

சத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது? அது ஒரு சுவையான கதை.

நடு அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மாயா இனத்து மக்கள் வாழ்கிறார்கள். ஏழைகள். ஏழைப் பெண்களுக்குப் பிரசவ ஜன்னி அதிகம் வரும் என்று டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் மாயாப் பெண்களுக்கு அது குறைவாகவே வந்தது.

ஏன்?

ஹோசே பெலிசான், ஹோசே வில்லார் என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். மாயா மக்களின் முக்கிய உணவு மக்காச்சோள ரொட்டி. ரொட்டி சுடுவதற்கு முன்பு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து ஊற வைப்பார்கள். அது அவர்கள் முன்னோர் காலத்துப் பழக்கம். அதனால் அவர்கள் சாப்பாட்டில் கால்சியம் நிறைய இருந்தது.

கால்சியத்துக்குத் தமிழில் என்ன பெயர்? சுண்ணாம்புச் சத்து!

சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ரத்தக் குழாய்கள் இறுகிக் கொதிப்பு ஏறலாம் என்று அந்த இரு டாக்டர்களும் கருதினார்கள். 1980ஆம் ஆண்டு தங்கள் கருத்தை எழுதி வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் சோதனைகள் தொடங்கின.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சாப்பிட வேண்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். வெற்றிலையோடு புகையிலை சேர்ந்தால் பிள்ளைக்கும் கெடுதல். நமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து பாலில், கீரையில், கேப்பையில், சிறு மீனில் இருக்கிறது.

சோதனையில் தெரிந்தது

2006ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டது. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள சுமார் 8,300 கர்ப்பிணிகள் அதில் கலந்து கொண்டார்கள். இந்தியப் பெண்களும் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் கால்சியம் மாத்திரை. மற்றப் பாதிப் பேருக்குச் சத்து இல்லாத வெறும் மாத்திரை.

முடிவு என்ன? நோய் வந்தவர்களின் எண்ணிக்கை அதிகம் குறையவில்லை. ஆனால் நோய் முற்றுவது குறைந்தது. வலிப்பு வந்தவர்கள் குறைந்தார்கள். கடுமையான கொதிப்பு வந்தவர்களும் குறைந்தார்கள்.

2024ஆம் ஆண்டு மற்றொரு சோதனையின் முடிவு வந்தது. இது பெங்களூரிலும் ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவிலும் நடந்தது. ஒவ்வொரு நாட்டிலும் 11,000 பெண்கள். எல்லோரும் முதல் பிள்ளை உண்டானவர்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 1,500 மில்லிகிராம் கால்சியம். மற்றொரு பிரிவுக்கு 500 மில்லிகிராம் மட்டும்.

இரண்டு பிரிவிலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. 100 பேருக்குச் சுமார் 3 பேர். அதிக மாத்திரை விழுங்கியதால் அதிக நன்மை கிடைத்துவிடவில்லை.

ஆகவே, கால்சியம் மந்திரக்கோல் அல்ல. குறை உள்ளவர்களுக்கு அந்தக் குறையைத் தீர்க்கும் சத்து. அது வேண்டிய அளவு கிடைத்தால் போதும்.

சோறும் கிழங்கும் போதுமா?

ஒரு கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும்.

நாஞ்சில் நாடு நெல் விளையும் பூமி. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே அது நெற்களஞ்சியமாக இருந்தது. சோறு இல்லாமல் இங்கே சாப்பாடு இல்லை. ஆனால் 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டாலும் 40 மில்லிகிராம்தான் சேரும்.

அடுத்தது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பினார். ஏழைகளின் பசியை அது தீர்த்தது. ஆனால் மரச்சீனியில் மாவுச் சத்துதான் அதிகம். புரதம் மிகக் குறைவு. கிழங்கை மீன் குழம்போடு சேர்த்துச் சாப்பிடும் நம் ஊர் வழக்கம் மிக நல்ல வழக்கம். கிழங்கில் இல்லாததை மீன் தருகிறது. மீனை விட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் சாப்பிட்டால் வயிறு நிறையும். உடம்புக்குச் சத்து சேராது.

சந்தைக் கூடை

இனிச் சந்தைக்குப் போவோம்.

பால்: 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அதாவது 400 மில்லி குடித்தால் 480 மில்லிகிராம் கிடைக்கும். பாதித் தேவை அதிலேயே தீர்ந்துவிடும். பாலுக்குப் பதில் தயிராகவும் சாப்பிடலாம்.

கேப்பை: கேழ்வரகைத் தென்பாண்டிச் சீமையில் கேப்பை என்பார்கள். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். ஒரு வேளைக் கூழுக்கோ தோசைக்கோ 50 கிராம் மாவு எடுத்தால் 175 மில்லிகிராம். முளைகட்டி அரைத்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

முருங்கைக்கீரை: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். பல வீடுகளில் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். கொல்லைப்புறத்தில் மரம் நிற்கும். 50 கிராம் கீரையைத் தேங்காய் போட்டுத் துவரன் வைத்தால் 150 மில்லிகிராம் கிடைக்கும்.

எள்: 10 கிராம் எள்ளில் 120 மில்லிகிராமுக்கு மேல். இட்லிப் பொடியில் சேர்க்கலாம். கர்ப்பிணிக்கு எள் ஆகாது என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் எள்ளுக்குப் பதில் ஒரு சிறு கிண்ணம் தயிர் கொடுத்தால் போதும்.

கூட்டிப் பாருங்கள். 480, 175, 150, 120. மொத்தம் 925. மீதியைப் பயறும் மீனும் மற்றக் காய்களும் தந்துவிடும்.

மீன்: குமரி மாவட்டத்துக்குக் கடல் தந்த செல்வம் மீன். நெத்திலியை முள்ளோடு சாப்பிடலாம். அந்த முள்ளில்தான் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சாளை மீனில் நல்ல கொழுப்பும் வைட்டமின் 'டி'யும் உண்டு. இரண்டும் விலை குறைந்த மீன்கள். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். அதைக் கர்ப்பிணி அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

பயறு, உளுந்து, முட்டை: இவை புரதம் தருபவை. பயறு போட்ட கஞ்சியும் உளுந்தங்களியும் வெறும் பலகாரம் அல்ல, நல்ல ஆகாரம்.

வைட்டமின் சி, ஈ உதவுமா?

மருந்துக் கடையில் பல நிற வைட்டமின் மாத்திரைகள் இருக்கின்றன. "எல்லாவற்றையும் விழுங்கினால் கொதிப்பு வராது அல்லவா?" என்று பலர் நினைக்கிறார்கள்.

வராது என்று சொல்ல முடியாது.

வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ' இரண்டும் ரத்தக் குழாய்களைக் காக்கும் என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். இங்கிலாந்தில் 2,400-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2006ஆம் ஆண்டு முடிவு வந்தது. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கும் நோய் வந்தது, சாப்பிடாதவர்களுக்கும் வந்தது. வித்தியாசம் இல்லை. அது மட்டும் அல்ல. வைட்டமின் சாப்பிட்ட தாய்மாருக்கு எடை குறைந்த பிள்ளைகள் சற்று அதிகமாகப் பிறந்தன.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் இருந்தும் முடிவு வந்தது. அங்கும் பலன் இல்லை.

இந்த நோயைத் தடுப்பதற்காக 'சி', 'ஈ' மாத்திரைகளைச் சாப்பிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் 'சி' உடம்புக்கு நல்லது. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். பெரிய அளவு மாத்திரையாக விழுங்குவதுதான் வேண்டாத செலவு.

வைட்டமின் 'டி' குறைவாக இருப்பவர்களுக்கு டாக்டர் அதைத் தருவார். குறை இல்லாதவர்கள் கொதிப்புக்குப் பயந்து அதை விழுங்க வேண்டியது இல்லை.

வீட்டுக்கு வீடு வைத்தியர்

ஒரு பெண் கர்ப்பம் ஆனால் போதும். வீட்டில் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவார்கள்.

"மக்களே, ரெண்டு உசிரு இருக்கு. ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்பாள் பாட்டி.

"காலு வீங்கியிருக்கு. உப்பு சேர்க்காதே. தண்ணியும் ரொம்பக் குடிக்காதே" என்பாள் மாமியார்.

"எனக்கு டாக்டர் இந்த மாத்திரைதான் தந்தாரு. நீயும் வாங்கிச் சாப்பிடு" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

மூவரும் அன்பினால்தான் சொல்லுகிறார்கள். ஆனால் மூன்றுமே சரி அல்ல.

இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டியது இல்லை. கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் ஆகியவற்றிலேயே அது ஏறக்குறைய கிடைத்துவிடும். இரட்டிப்பாகச் சோறு போட்டால் உடம்பு பெருக்கும். பருத்த உடம்பில் கொதிப்பு வர வாய்ப்பு அதிகம்.

உப்பை அடியோடு நிறுத்தினால் இந்த நோய் வராது என்பதும் தவறு. அதனால் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டது. அயோடின் கலந்த உப்பு பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டும். ஆனால் அளவு மீறக் கூடாது. எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றில் உப்பு மறைந்திருக்கிறது. அவற்றைக் குறைத்தாலே போதும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை அவருக்கு எழுதிக் கொடுத்தது. இவளுக்கு அல்ல.

ஆளுக்கு ஆள் வேறு

ஒருத்திக்கு ஏற்ற சாப்பாடு மற்றொருத்திக்கு ஏற்காமல் போகலாம். முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே தன் உடம்பின் கதையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பால் குடித்தால் வயிறு கெடுகிறவள் பாலை வற்புறுத்திக் குடிக்க வேண்டாம். தயிர், கேப்பை, கீரை, சிறு மீன் ஆகியவற்றைக் கூட்டலாம்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவளுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சர்க்கரை உள்ளவள் கேப்பைக் கூழில் கருப்பட்டி போடக் கூடாது. மோர் ஊற்றிக் குடிக்கலாம். அளவும் பார்க்க வேண்டும்.

சிறுநீரகத்தில் கல் இருந்தவள், கால்சியம் மாத்திரை சாப்பிடும் முன் அதைச் சொல்ல வேண்டும்.

கர்ப்பத்துக்கு முன்பே கொதிப்பு மாத்திரை சாப்பிட்டு வந்தவள், பிள்ளை உண்டானது தெரிந்த உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். எனலாப்ரில், லோசார்ட்டான் போன்ற சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும். கெடுதல் இல்லாத வேறு மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுப்பார். தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுவதும் ஆபத்து.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவளும் சொல்ல வேண்டும். இருமலுக்கு நல்ல மருந்து என்று பெயர் பெற்ற அதிமதுரம், அதிகமானால் ரத்தக் கொதிப்பை ஏற்றும்.

இன்னும் சிலருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முதல் பிள்ளை உண்டானவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், 35 வயதைத் தாண்டியவர்கள், உடம்பு பருத்தவர்கள், சர்க்கரையோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், சென்ற பிரசவத்தில் இந்த நோய் வந்தவர்கள், தாய்க்கோ அக்காள் தங்கைக்கோ வந்திருப்பவர்கள். இவர்களில் சிலருக்கு டாக்டர்கள் 12ஆம் வாரம் முதல் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். உரியவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரினைத் தொடக் கூடாது.

மாத்திரைக்கும் நேரம் உண்டு

2014ஆம் ஆண்டு இந்திய அரசு ஒரு விதி வகுத்தது. நாலாவது மாதம் முதல் பிரசவம் வரை, தினம் இரண்டு கால்சியம் மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம். பிரசவத்துக்குப் பிறகும் 6 மாதம். யாருக்கு எத்தனை என்பதை டாக்டரோ நர்ஸோ சொல்லுவார். அதன்படி சாப்பிட வேண்டும்.

கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரும்பு உடம்பில் சேருவதைக் கால்சியம் தடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இரும்பு மாத்திரையோடு தேநீரும் காப்பியும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

கையில் கட்டும் பட்டை

பால் குடித்தாயிற்று. கீரை சாப்பிட்டாயிற்று. மாத்திரையும் விழுங்கியாயிற்று. இனிப் பயம் இல்லை என்று இருந்துவிடலாமா?

கூடாது.

நன்றாகச் சாப்பிட்ட பெண்ணுக்கும் இந்த நோய் வரலாம். பெங்களூர்ச் சோதனையைப் பாருங்கள். அங்கே எல்லோரும் கால்சியம் சாப்பிட்டவர்கள்தான். ஆனாலும் 100 பேரில் சுமார் 3 பேருக்கு நோய் வந்தது. அதைக் கண்டுபிடித்தது எது? கையில் பட்டையைக் கட்டிக் கொதிப்பு பார்க்கும் கருவி.

சாப்பாடு உடம்புக்குப் பலம் தரும். ஆனால் ஆபத்து வந்திருக்கிறதா என்பதை அந்தக் கருவிதான் சொல்லும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று இருக்கக் கூடாது.

கொதிப்பு பார்க்க இரண்டு நிமிஷம் போதும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு வாங்குவது இல்லை. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டத்தை 2016ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கியது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அது கோட்டாறுக்குத் தொலைவில் இல்லை.

பார்க்கும் முன் 5 நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. அரை மணி நேரம் முன்பு காப்பி குடிக்கக் கூடாது. சிறுநீரையும் அதே நாளில் சோதிக்கச் சொல்ல வேண்டும். நர்ஸ் எழுதும் எண்ணைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். "நல்லா இருக்கு" என்ற பதில் போதாது. எண் என்ன என்று கேளுங்கள். சென்ற மாதத்து எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

சத்துள்ள சாப்பாட்டுக்குப் பணம் வேண்டுமே? ஏழைத் தாய்மாருக்காகத் தமிழ்நாடு அரசு ஒரு மகப்பேறு உதவித் திட்டத்தை 1987ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் சூட்டப்பட்டது. 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் உட்கார்ந்த, அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர். 2018ஆம் ஆண்டு இந்த உதவி ரூ.18,000 ஆக உயர்ந்தது. அதில் ஒரு பகுதி சத்துப் பொருள்கள் அடங்கிய பெட்டகம். கிராம நர்ஸிடம் சீக்கிரம் பெயரைப் பதிவு செய்து, யாருக்கு உதவி கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

இந்த அறிகுறிகளைப் பார்த்தால்

வீட்டில் உள்ள ஆண்களும் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

விடாத தலைவலி.
கண் மங்குதல், கண் முன் மின்மினி போல் தெரிதல்.
மேல் வயிற்றில், விலாவுக்குக் கீழே வலி.
முகமும் கையும் திடீரென்று வீங்குதல்.
சிறுநீர் குறைதல்.
மூச்சு முட்டுதல்.
வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல்.

மாலையில் கால் கொஞ்சம் வீங்குவது பல கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். ஆனால் மேலே சொன்னவற்றில் ஒன்று வந்தாலும், நேரம் நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். வலிப்பு வந்தால் பெண்ணை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றவோ திணிக்கவோ கூடாது.

பிள்ளை பிறந்த பிறகும் ஆபத்து உடனே தீர்ந்துவிடுவது இல்லை. பிரசவமான முதல் வாரத்திலும் வலிப்பு வரலாம். 6 வாரம் வரை கவனம் வேண்டும். பிள்ளையைப் பார்க்க வரும் கூட்டத்தில் தாயின் தலைவலியை யாரும் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

ஒரு தடவை இந்த நோய் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அவள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கொதிப்பு பார்க்க வேண்டும்.

சந்தையில் கேப்பையும் பயறும் இருக்கின்றன. கடலில் நெத்திலியும் சாளையும் இருக்கின்றன. கொல்லையில் முருங்கை நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கருவி இருக்கிறது. கர்ப்பிணியின் தட்டில் நல்ல சாப்பாட்டை வைப்பதும், மாதம் தவறாமல் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதும் வீட்டில் உள்ளவர்களின் பொறுப்பு.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாளா? கடைசியாகக் கொதிப்பு பார்த்தது எப்போது? எண் என்ன? இன்றைக்கே கேளுங்கள்.